கழுத்து நீண்ட கடல்விலங்கும் லைம் ரீஜிஸ் கல் வணிகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தைச் சேர்ந்த லைம் ரீஜிஸ் என்னும் சிறு துறைமுக ஊர் வெளியாருக்கு விற்ற பொருள்களுள் இரண்டு, ஒரே பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. ஒன்று, நீரடியிலும் இறுகும் காரை செய்ய உதவிய சுண்ணாம்புக்கல். மற்றொன்று, அக்கல்லின் அடுக்குகளுக்கு நடுவே கிடந்த, எந்த விலங்கினுடையவை என்று எவருக்கும் தெளிவாகத் தெரியாதிருந்த எலும்புகள். கடலில் வாழ்ந்து அழிந்துபோன கழுத்து நீண்ட ஊர்வனவாகிய பிளீசியோசார், இந்த இரண்டாவது வணிகத்தின் வழியாகவே தன் முழு உருவத்தோடு அறிவுலகுக்கு வந்து சேர்ந்தது. அவ்விலங்கைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அதற்குப் பெயரிட்ட அறிஞர்களிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் எலும்பைக் கண்டெடுத்து, பாறையிலிருந்து பிரித்து, விலை பேசி விற்றவர்களிலிருந்து தொடங்கினால்தான், அது முதலில் ஏன் நம்பப்படவில்லை என்பதும் பிறகு எவ்வாறு நம்பப்பட்டது என்பதும் விளங்கும்.

அப்பாறைக்கு நிலவியலார் இட்ட பெயர் நீல லையாஸ். வெளிர்சாம்பல் நிறச் சுண்ணாம்புப்பாறையும் கருநீலம் பாய்ந்த மென்மையான களிப்பாறையும் மாறிமாறிப் படிந்த இவ்வடுக்குகள், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், ஆழம் குறைந்த கடலொன்றின் தரையில் சேறாகச் சேர்ந்தவை. அச்சேற்றில் பல இடங்களில் பிராணவாயு மிகக் குறைவாக இருந்தமையால், இறந்து மூழ்கிய உடல்களைத் தின்று கலைக்கும் உயிரினங்கள் அங்கே பெருகவில்லை. தலை முதல் வால் வரை கோவை கலையாத எலும்புக்கூடுகள் அங்குக் கிடைப்பதற்கு இதுவே காரணம். கடலை ஒட்டி நிற்கும் செங்குத்தான சரிவுகளோ சிறிதும் உறுதியற்றவை. குளிர்கால மழையில் களிப்பாறை ஊறி, புயலலை அடிவாரத்தை அரிக்க, மேற்பகுதி சரிந்து கரையில் விழும். விழுந்த சேற்றை அடுத்தடுத்த ஓதங்கள் கழுவிச் செல்லும்போது, உள்ளே இருந்த எலும்பு ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டுப் பின்னர் அதுவும் கடலோடு போய்விடும். ஆகவே இத்தொழிலுக்கு ஏற்ற பருவம் குளிர்காலம். ஏற்ற நேரம், கடல் வற்றியிருக்கும் சில மணி மட்டுமே. சுண்ணாம்புக்கல் வெட்டிய கூலியாட்களும் தங்கள் கண்ணில் பட்டவற்றை எடுத்து விற்றார்கள்.

வாங்குவோரைக் கொண்டுவந்து சேர்த்தது அரசியல் சூழல். பிரான்சுடன் நீண்ட காலம் நடந்த போர்களால் ஐரோப்பியப் பயணம் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், இங்கிலாந்தின் செல்வர்கள் ஓய்வுக்காகத் தம் நாட்டுக் கடற்கரை ஊர்களையே நாடினார்கள். அவ்வாறு வந்தவர்களுக்கு லைம் ரீஜிஸில் மேசையில் பரப்பி விற்கப்பட்ட பொருள்களுள், பாம்புக்கல் என்று வழங்கிய அம்மோனைட் ஓடுகளும், இடிக்கல் என்று வழங்கிய பெலம்னைட்டுகளும், பிசாசின் கால்நகம் என்று வழங்கிய வளைந்த சிப்பிகளும் இருந்தன. அம்மோனைட்டும் பெலம்னைட்டும் கணவாயின் தொல்லுறவினங்கள் என்பதை வாங்கியவர்களும் விற்றவர்களும் அன்று அறிந்திருக்கவில்லை. பெரிய எலும்பு எது கிடைத்தாலும் முதலையின் எலும்பு என்பதே ஊரார் முடிவு.

ரிச்சர்டு ஆனிங் என்னும் தச்சர் மரவேலைக்கு இடையில் இத்தொழிலையும் செய்துவந்தவர். 1810இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியது கடன் மட்டுமே. மனைவியும் பிள்ளைகளும் ஊர்த் திருச்சபைப் பங்கு ஏழைகளுக்கு அளித்த உதவித்தொகையை நம்பி வாழ வேண்டியதாயிற்று. மறு ஆண்டு மகன் ஜோசப் நான்கடி நீளமான தலையெலும்பு ஒன்றைக் கண்டான். அதற்குரிய உடலை 1812இல் அவன் தங்கை மேரி கண்டுபிடித்தாள். மீன் வடிவம் கொண்ட கடல் ஊர்வனவாகிய இக்தியோசாரின் எலும்புக்கூடு அது. அதை ஹென்லி என்னும் நிலக்கிழார் 23 பவுண்டுக்கு வாங்கினார். அது லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டுக் கைமாறி, 1819இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. பசியோடு இருந்த வீட்டுக்கு 23 பவுண்டு பெருந்தொகையே எனினும், அத்தகைய எலும்புக்கூடு ஆண்டுதோறும் கிடைப்பதில்லை. 1820இல் அக்குடும்பம் வீட்டுத் தட்டுமுட்டுகளையே விற்கும் நிலைக்கு வந்தபோது, அவர்களிடம் வாங்கியே தம் சேகரத்தை வளர்த்திருந்த தாமஸ் பர்ச் என்னும் படை அதிகாரி, அச்சேகரம் முழுவதையும் லண்டனில் ஏலம் விட்டு, கிடைத்த ஏறத்தாழ 400 பவுண்டை அவர்களுக்கே கொடுத்தார். இந்த வணிகத்தின் வரலாற்றில் வாங்கியவர் ஒருவர் செய்த மிகப் பெரிய நன்மை என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

1799இல் பிறந்த மேரி ஆனிங், ஞாயிறு பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதைத் தவிர முறையான கல்வி பெறாதவர். அறிவியல் கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்கள் உட்படக் கையால் படியெடுத்துப் படித்தார். கல்லில் கண்ட உறுப்புகளை விளங்கிக்கொள்ள, உயிரோடு வாழும் மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்தார். இக்கல்விக்குத் துணைநின்றது அவர் கைத்தொழிலே. களிப்பாறையில் பதிந்த எலும்புக்கூட்டை எடுப்பது, தெரிகின்ற எலும்பை மட்டும் பெயர்த்து எடுக்கும் வேலை அன்று. சுற்றியுள்ள பாறையோடு சேர்த்துப் பாளம் பாளமாக வெட்டி, எது எதற்கு அடுத்தது என்று குறித்துக்கொண்டு, ஓதம் திரும்புவதற்குள் கரையேற்ற வேண்டும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் தாது அக்களிப்பாறையில் மிகுதி. காற்றுப்பட்டு உலரும்போது அது பாளத்தை வெடிக்கச் செய்து எலும்பையும் தூளாக்கிவிடும். எனவே பாளங்களை மரச்சட்டத்தில் பொருத்தி, காரையிட்டு இறுக்கிய பின்னரே, கத்தியும் ஊசியும் கொண்டு எலும்பின் மேலுள்ள களியை நாள்கணக்கில் சுரண்டி நீக்க இயலும். ஒவ்வொரு எலும்பும் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் கிடந்தது என்பது இவ்வேலையைச் செய்தவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிளீசியோசாரின் எலும்புகள் அதற்கு முன்பும் கிடைத்துள்ளன. நாட்டிங்காம்ஷயரின் எல்ஸ்டன் என்னும் சிற்றூரில் கிடைத்த ஒரு கற்பலகையைப் பற்றி வில்லியம் ஸ்டூக்லி 1719இல் ராயல் சங்கத்தின் இதழில் எழுதினார். சார்லஸ் டார்வினின் கொள்ளுப்பாட்டனாராகிய ராபர்ட் டார்வின் அதை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் தலையும் கழுத்தும் இல்லை. ஆகவே முதலையோ கடற்பன்றியோ என்ற ஊகத்தோடு ஆய்வு நின்றுவிட்டது. நூறாண்டுக்குப் பிறகு, 1821இல், வில்லியம் கோனிபியர் என்னும் பாதிரியாரும், ஹென்றி டி லா பெச் என்னும் நிலவியலாரும், பர்ச்சின் சேகரத்தில் இருந்தது உள்ளிட்ட சிதறிய எலும்புகளை ஒப்பிட்டு, இவை இக்தியோசாரும் அல்ல, முதலையும் அல்ல, இதுவரை அறியப்படாத வேறொரு விலங்கு என்று முடிவு செய்து, பல்லிக்கு நெருக்கமானது எனப் பொருள்படும் பிளீசியோசாரஸ் என்ற கிரேக்கப் பெயரைச் சூட்டினார்கள். டைனோசார் என்னும் சொல் உருவாவதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இது, துணிச்சலான பெயரீடு என்றே கொள்ளத்தக்கது. முழு எலும்புக்கூடு ஒன்றையும் பாராமலே இருவரும் அதைச் செய்தார்கள்.

அந்த முழு எலும்புக்கூட்டை 1823 டிசம்பரில் மேரி ஆனிங் கண்டெடுத்தார். ஏறத்தாழ ஒன்பதடி நீளம். பருத்த உடல், குட்டை வால், துடுப்புகளாக விரிந்த நான்கு கால்கள். அவற்றோடு ஒப்பிட்டால் நம்புவதற்கரிய அளவு நீண்ட கழுத்தும், அதன் முனையில் மிகச் சிறிய தலையும். அந்த மாதம் 26ஆம் நாள் அவர் எழுதிய கடிதத்தில் அதன் வடிவத்தைத் தம் கையாலேயே வரைந்து காட்டியிருந்தார். அக்கடிதம் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகிறது. விலங்குகளின் உடற்கூற்றை ஒப்பிட்டு ஆராய்வதில் ஐரோப்பாவிலேயே தலைசிறந்தவராகக் கருதப்பட்ட பாரிஸ் அறிஞர் ஜார்ஜ் குவியே, படத்தின் வழியாக இதை அறிந்தபோது, ஐயம் தெரிவித்தார். கழுத்து முள்ளெலும்புகளைக் கோனிபியர் எண்ணியபோது 35 இருந்தன. பாலூட்டிகளுக்கு, ஒட்டகச்சிவிங்கி உட்பட, அநேகமாக எப்போதும் ஏழே. அன்று அறியப்பட்டிருந்த ஊர்வனவற்றுக்கு எட்டுக்கு மேல் இல்லை. கழுத்து நீண்ட அன்னத்துக்கே இருபத்துச் சில்லறைதான். ஓர் உறுப்பின் அமைப்பைக் கொண்டு மற்ற உறுப்புகளைக் கணிக்கும் முறையையே தம் அறிவியலின் அடித்தளமாகக் கொண்டிருந்தவருக்கு, ஒரு விலங்கின் உடலில் மற்றொரு விலங்கின் தலையும் கழுத்தும் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுவதே இயல்பான முடிவாகத் தோன்றியிருக்கும்.

இந்த ஐயத்தை ஒரு பேரறிஞரின் பிடிவாதம் என்றோ, ஓர் ஏழைப் பெண்ணை இழிவாகக் கருதியதன் விளைவு என்றோ மட்டும் கொள்வது போதாது. வணிகத்தின் இயல்பிலேயே அதற்கு இடம் இருந்தது. துண்டு எலும்புக்குச் சில்லறைக் காசும், முழு எலும்புக்கூட்டுக்குப் பல பவுண்டும் கிடைக்கும்போது, இரண்டு அரைக்கூடுகளை ஒன்றாக்கிக் காரையால் இணைக்கும் ஆசை விற்பவருக்கு எழக்கூடும். வாங்குபவர் அதை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். குவியேயின் ஐயம் உறுதிப்பட்டிருந்தால், அந்த ஒரு விற்பனை மட்டுமன்று, மேரி ஆனிங் அதுவரை விற்ற எல்லாமும் இனி விற்கப்போகும் எல்லாமும் மதிப்பிழந்திருக்கும். அவருக்கு அது வாழ்வாதாரத்தையே குறித்த கேள்வி.

1824 பிப்ரவரி 20ஆம் நாள் லண்டன் நிலவியல் சங்கத்தின் கூட்டத்தில் விடை கிடைத்தது. பக்கிங்காம் கோமகன் வாங்கியிருந்த அந்த எலும்புக்கூடு, கப்பலில் வரும் வழியில் ஆங்கிலக் கால்வாயில் தாமதப்பட்டு, கூட்டத்துக்குச் சற்று முன்னரே வந்து சேர்ந்தது. சட்டமிட்ட அப்பாளத்தைப் பத்து ஆட்கள் முயன்றும் மாடிக்கு ஏற்ற இயலாமையால், கீழ்நடையிலேயே மெழுகுவத்தி வெளிச்சத்தில் உறுப்பினர்கள் பார்க்க வேண்டியதாயிற்று. கழுத்தெலும்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே பாறைக்குள் கோவையாகக் கிடப்பதைக் காட்டிய கோனிபியர், நீண்ட கழுத்தைக் குறிக்கும் டோலிகோடைரஸ் என்ற சிறப்புப் பெயரையும் அதற்கு இட்டார். நிலத்து ஊர்வனவாகிய மெகலோசாரஸைப் பற்றி வில்லியம் பக்லாந்து அறிவித்ததும் இதே கூட்டத்தில்தான்; அறிவியல் முறைப்படி பெயர் பெற்ற முதல் டைனோசார் அது. தொல்லுலகைப் பற்றிய அறிவு ஒரே மாலையில் இவ்வளவு விரிந்தது அரிது. ஆனால் பெண்கள் அச்சங்கத்தில் உறுப்பினராக முடியாது. கோனிபியர் வெளியிட்ட கட்டுரையிலும் கண்டெடுத்தவர் பெயர் இல்லை. விலை கொடுத்து வாங்கிய கோமகனின் பெயர் இருந்தது.

குவியே தம் ஐயத்தைக் கைவிட்டு, பண்டை உலகின் விலங்குகளுள் மிக விந்தையானவற்றுள் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு பாரிஸிலிருந்து வந்த நிலவியலார் கான்ஸ்டன்ட் பிரெவோ, மேரி ஆனிங்கிடமிருந்து மற்றொரு பிளீசியோசாரைப் பத்து பவுண்டுக்கு வாங்கிப் பிரெஞ்சு அருங்காட்சியகத்தில் சேர்த்தார். ஐயம் எழுப்பியவர் பணியாற்றிய நிறுவனமே அவரிடம் வாங்கியதைவிடத் தெளிவான நற்சான்று அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்த விலங்கைப் பற்றி அதன்பின் அறியப்பட்டவை இத்தொழிலின் எல்லையைக் கடந்தவையாதலால் சுருக்கமாகக் கூறினாலே போதும். பிளீசியோசார்கள் டைனோசார்கள் அல்ல. அவை நிலத்து ஊர்வனவாகிய முன்னோரிலிருந்து கடலுக்குத் திரும்பிய தனி மரபு. டிரையாசிக் காலத்தின் இறுதியில் தோன்றி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழியும்வரை, 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் அம்மரபு நிலைத்திருந்தது. பறவையின் சிறகு காற்றில் இயங்குவதைப் போல நான்கு துடுப்புகளையும் மேலும் கீழும் அசைத்து நீந்தின. காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்தன. கன்சாஸில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டின் வயிற்றில் பெரிய கரு ஒன்று இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியதால், அவை கரையேறி முட்டையிடவில்லை, கடலிலேயே குட்டி ஈன்றன என்பது தெளிவாயிற்று. பழைய ஓவியங்கள் காட்டுவதைப் போல அன்னத்தின் கழுத்தாக வளைத்து நீருக்கு மேலே தலையைத் தூக்கி நிறுத்த அவற்றின் கழுத்து மூட்டுகள் இடம்தரவில்லை. குவியே 35ஐக் கண்டே மலைத்தார். கனடாவில் கிடைத்து 2012இல் பெயரிடப்பட்ட அல்பெர்டோனெக்டஸின் கழுத்தில் 76 முள்ளெலும்புகள் இருக்கின்றன.

வணிகம் பற்றிய ஐயம் ஒரேயடியாக நீங்கிவிடவில்லை. உண்மையான காரணத்தோடு அது மீண்டும் எழுந்தது. தாமஸ் ஹாக்கின்ஸ் என்னும் செல்வந்தச் சேகரிப்பாளர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு 1834இல் விற்ற இக்தியோசார், பிளீசியோசார் சேகரத்துக்கு 1,310 பவுண்டு என மதிப்பிடப்பட்டிருந்தது. பொருள்கள் வந்து சேர்ந்தபின் பார்த்தால், பெரிய எலும்புக்கூடு ஒன்றின் இல்லாத பகுதிகள் காரையால் செய்து வண்ணம் பூசப்பட்டிருந்தன. விவகாரம் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது. வறிய வணிகப் பெண் மீது எழுந்த ஐயம் பொய்யாயிற்று. பெருமகன் மீது எவருக்கும் எழாத ஐயம் மெய்யாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, அன்றைய அறிவுலகம் நம்பிக்கையை எதைக் கொண்டு அளந்தது என்பது புலப்படும். அமெரிக்காவில், எலும்பு எதையும் விற்றுப் பிழைக்காத எட்வர்டு டிரிங்கர் கோப் என்னும் தேர்ந்த அறிஞரே, கன்சாஸிலிருந்து வந்த எலாஸ்மோசாரஸின் நீண்ட கழுத்தை வால் என்று கருதி, தலையை மறுமுனையில் வைத்துப் படம் வெளியிட்டார். ஜோசப் லைடி 1870இல் அப்பிழையைச் சுட்டியதும், அச்சான படிகளைத் திரும்பப் பெற அவர் பெரிதும் முயன்றார்.

கோவை கலைந்த எலும்பு எத்தகைய குழப்பத்தைத் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்த அரியலூர்ப் பகுதியில் கிடைத்த சில எலும்புகளை, முதுகில் தகடுகள் நிற்கும் ஸ்டெகோசார் வகை டைனோசாருக்கு உரியவை எனக் கருதி, யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1979இல் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அவ்வெலும்புகள் டைனோசாருக்கு உரியவை அல்ல, பிளீசியோசாருக்கு உரியவை என்று சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் 1996இல் மறுத்தார்கள். முழுக்கூடு கிடைத்த இடத்தில் ஒரு மாலையில் தீர்ந்த கேள்வி, துண்டுகள் மட்டும் கிடைத்த இடத்தில் பல்லாண்டு விவாதமாயிற்று.

மேரி ஆனிங் 1826இல் லைம் ரீஜிஸில் தமக்கென ஒரு கடை வைத்தார். 1830இல் மற்றொரு பிளீசியோசாரைக் கண்டெடுத்து 200 கினிக்கு விற்றார். 1833இல் அவர் கண்ணெதிரே சரிவு விழுந்து, எப்போதும் உடன்வந்த நாய் மாண்டது, அவர் மயிரிழையில் தப்பினார். சேமிப்பை இழந்த பின், பக்லாந்தின் முயற்சியால் ஆண்டுக்கு 25 பவுண்டு ஓய்வூதியம் கிடைத்தது. 1847இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது, நிலவியல் சங்கத்தின் தலைவராக இருந்த டி லா பெச் தம் ஆண்டுரையில் அவருக்கு இரங்கல் தெரிவித்தார்; உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, அச்சங்கம் அதற்கு முன் அத்தகைய மரியாதை செய்ததில்லை. பெண்களை அது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919இல்தான். பக்கிங்காம் குடும்பம் கடனில் மூழ்கி 1848இல் உடைமைகளை விற்றபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய அந்த முதல் முழுக்கூடு, இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லைம் ரீஜிஸ் கரையில் எலும்பு தேடி விற்கும் தொழில் இன்றும் நடக்கிறது. ஜுராசிக் கடற்கரை என்ற பெயரில் அப்பகுதி 2001இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட போதும், கரையில் கிடக்கும் புதைபடிவத்தை எடுக்கத் தடை விதிக்கப்படவில்லை. எடுக்காவிட்டால் கடல் கொண்டுபோய்விடும் என்பது இருநூறு ஆண்டுகளாக அறியப்பட்ட உண்மை. சேகரிப்பாளர்களும் நிலவுரிமையாளர்களும் அறிவியலாரும் இணங்கி வகுத்த நெறிமுறைப்படி, எடுத்தவர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் அறிவியலுக்கு முக்கியமான பொருளாயின், எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும், விற்பதாயின் முதலில் நாட்டு அருங்காட்சியகங்களுக்கே முன்வைக்க வேண்டும். அப்பதிவில் கண்டெடுத்தவரின் பெயருக்கும் ஓர் இடம் உண்டு.